நாலாவது கம்பி இல்லாத கிட்டார்

இதை எழுத வேண்டும் என்று நாலு வருஷமாக நோட்டை எடுப்பதும், இரண்டு வரி எழுதிவிட்டு மூடி வைப்பதுமாக இருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியதோடு சரி. ஆனால் தயங்கினதற்குக் காரணம் அது இல்லை. இதைச் சொன்னால் அன்றைக்கு நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மனசு வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாமியை நம்புகிறவள். வெள்ளிக்கிழமை காலையில் ஏழரையிலிருந்து எட்டரை வரை பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் அம்மனுக்கு விளக்கேற்றி உட்காருவது கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வழக்கம். ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். திருநீறு பூசிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் போகிற தெருவில். நானும் அவரும் இரண்டு பெண்களும்தான். பெரியவள் சுகன்யாவைக் கேளம்பாக்கத்தில் கொடுத்திருக்கிறோம், மாப்பிள்ளைக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. சின்னவள் நிவேதா அப்போது காலேஜ் கடைசி வருஷம். அவளுக்குக் கிட்டார் மேல் பைத்தியம். சினிமாப் பாட்டு வாசிக்கிற கிட்டார் இல்லை, நைலான் கம்பி போட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இடது காலை ஒரு சின்னப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கிற கிட்டார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சாரிடம் கற்றுக்கொண்டாள். வெளிநாட்டிலிருந்து நடத்துகிற கிரேடு பரீட்சை ஒன்று உண்டு, அதற்காக அந்த வருஷம் அவள் எடுத்த பாடம் முன்னூறு வருஷத்துக்கு முந்தினது. பரோக் காலம் என்று சொல்வாள். ராஜா அரண்மனையில் மெதுவாக அடியெடுத்து வைத்து ஆடுகிற நடனத்துக்கு எழுதினதாம். அதில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். இரண்டாம் தடவை வாசிக்கும்போது நாம் சங்கீதத்தில் கமகம் சேர்ப்பது போல அவரவர் கொஞ்சம் அலங்காரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லிக் கொடுத்தாராம். அது இன்னும் நிவேதாவுக்கு வரவில்லை. இரண்டாம் பாதியில் சுண்டு விரலை நீட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு இடம் வேறு இருந்தது. அங்கே தினமும் தடுக்கும், நின்றுவிடுவாள், மறுபடி ஆரம்பிப்பாள். கேட்டுக் கேட்டு அந்தத் தடுக்கல்கூட எனக்கு மனப்பாடம்.

அந்தப் பாட்டைக் கேட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அது ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார். "இன்னாடி இது, எழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்பார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார்கள். "எங்க சர்ச்ல ஆராதனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆர்கன்ல வாசிக்கிற மாதிரி இருக்கு நிவி" என்பார்கள். எங்கள் கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அண்ணன் ஒருநாள் எங்கள் வீட்டுக்காரருடைய சட்டையை மடிக்காமல் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டு, "இன்னா மா பாப்பா வாசிக்கிது, மன்சு ஒரு மாரி ஆய்டுதுமா. செத்துப்போன எங்கண்ணன் நெனப்பு வந்துட்ச்சு" என்றார். எனக்கோ ஒன்றும் தோன்றாது. குக்கர் விசில் எண்ணுவதில் இருப்பேன்.

சுகன்யாவுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த இரண்டாம் நாளே அது நடந்தது. வயிற்றில் பிள்ளை நல்ல உதை, சோபாவில் உட்கார்ந்தால் புடவைக்கு மேலேயே தெரியும். உள்ளே நிவேதா அந்தப் பாட்டை ஆரம்பித்ததும் சட்டென்று நின்றுவிட்டது. பாட்டு முடிகிற வரை அசையவில்லை. முடிந்த உடனே ஒரு உதை. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வேறு பாட்டுக்கு இல்லை, டி.வி.க்கு இல்லை, நான் சொல்கிற ஸ்லோகத்துக்கும் இல்லை. இதற்கு மட்டும்தான்.

எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தால் சுகன்யா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நிவி, ஸ்டார்ட்! ஆங், ஆஃப் ஆயிடுச்சு பாருங்க அத்தை!" என்று சத்தம் போடுவார். "போன ஜென்மத்துல வெள்ளைக்காரனா இருந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஸ்டெல்லா டீச்சர், "பயபக்தியா கேக்குது, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்பார்கள். நானும் பூரித்துப்போய் எல்லோரிடமும் சொன்னேன், என் பேரப்பிள்ளை வயிற்றிலேயே உட்கார்ந்து பாட்டு கேட்கிறது என்று. டாக்டரம்மா தினமும் பிள்ளை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணச் சொல்லியிருந்தார்கள். சுகன்யா ஹால் காலண்டர் தாளில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோடு போட்டு வைப்பாள். பாட்டு நேரத்தில் அசையாததை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் கேட்கிறதே.

ஒன்பதாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஃபேன் இல்லை, மிக்சி இல்லை, தெருவே அமைதி. நான் பூஜை முடித்து எட்டரைக்கு வெளியே வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். நிவேதாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கிட்டார் கேட்டது. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது, காலேஜுக்கு லீவு போட்டிருந்தாள். அவள் வாசிக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம். காப்பி கொடுப்பதானால் இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே ஸ்டூலில் வைத்துவிட வேண்டும், அவளே எடுத்துக்கொள்வாள். அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

சுகன்யா ஒன்பதரைக்கு எழுந்து இட்லி சாப்பிட்டாள். பத்து மணி இருக்கும், ஹாலிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு இன்னும் ஒரு கோடு கூட போடலம்மா."

"உன் தங்கச்சி வாசிச்சுட்டிருக்கா இல்ல? அது கேக்குது. சும்மா இரு."

அவளும் சரி என்று சோபாவில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டாள். நான் கீரை ஆய்ந்தேன், சாம்பாருக்குக் கூட்டினேன், பாட்டு போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில்தான் கவனித்தேன், அந்தத் தடுக்குகிற இடத்தில் தடுக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் தடவை வரும்போது புதிதாக ஏதேதோ நெளிவு சுளிவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படியிலிருந்தே, "இன்னிக்கு சூப்பரா வந்துடுச்சுடி நிவி!" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. வாசிக்கும்போது பதில் பேச மாட்டாள், அதனால் அதையும் நான் நினைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சுகன்யா மறுபடி சொன்னாள். இந்தத் தடவை குரல் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. "இன்னும் அசையலம்மா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாட்டு நிக்கட்டும், தானா அசையும்" என்றேன். அவள் வயிற்றில் ஒரு தடவை கையைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. பெற்ற தாய் நான். இரண்டு பிள்ளை பெற்றவள். இதைத்தான் நாலு வருஷமாக எழுத முடியவில்லை.

இரண்டரை மணி. கொடியில் துணி எடுக்க வாசலுக்கு வந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு நிவேதா உள்ளே வருகிறாள். தோளில் பை, கையில் கடைக் கவர், முகமெல்லாம் வியர்வை.

உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறது.

நான் அவளைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள்.

"யாரும்மா வாசிக்கிறது?" என்றாள் ரகசியமாக. "சார் வந்திருக்காரா?"

"நீ... நீ எப்படி வெளியே போன?"

"காலையிலயே போயிட்டேனே. நீ பூஜைல இருந்த. நேத்து நைட்டு ட்யூன் பண்ணும்போது நாலாவது ஸ்ட்ரிங் அறுந்துடுச்சு, தாம்பரத்துல கிடைக்கல, சிட்டி வரைக்கும் போய் வாங்கிட்டு வரேன். அப்பாகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்? சொல்லலையா?"

அவர் சொல்லவில்லை. எதைத்தான் ஞாபகமாகச் சொன்னார்.

நிவேதா ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அம்மா, இப்படி நான் வாசிக்க மாட்டேம்மா. எங்க சார்கூட இப்படி வாசிக்க மாட்டார்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் உள்ளே போனோம். ஸ்டூலில் காலையில் வைத்த காப்பி அப்படியே இருந்தது, ஆடை படிந்து, ஒரு எறும்பு மிதந்துகொண்டு. அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினேன். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் உள்தாழ் போட்டிருந்தது. கிட்டார் கட்டில் மேல் மல்லாந்து கிடந்தது, ஐந்து கம்பிதான் இருந்தது, நாலாவது கம்பி இருக்க வேண்டிய இடம் வெறுமை. பக்கத்தில் அறுந்த துண்டு சுருண்டு கிடந்தது.

சத்தம் இப்போது எங்களுக்குப் பின்னால் கேட்டது. ஹாலில்.

திரும்பி ஓடினோம். ஹாலில் சுகன்யா மட்டும்தான், சோபாவில் படுத்திருந்தாள். நாங்கள் கால் வைத்ததும் சத்தம் அறைக்குள் போய்விட்டது. நான் பொய் சொல்லவில்லை, நிவேதாவையும் கேட்டுப் பாருங்கள். அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே. செல்போன் எதிலும் இல்லை, சுகன்யாவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது, வீட்டில் கரண்டே இல்லை. நிவேதா பயத்தில் "நிறுத்து!" என்று கத்தினாள். பாட்டு நிற்கவில்லை. அந்தப் பாதியை முடித்தது, மறுபடி முதலிலிருந்து அதே பாதியை இரண்டாம் தடவையும் வாசித்து முடித்தது. அதற்குப் பிறகுதான் நின்றது.

அந்த அமைதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. பாட்டு நின்றதும் ஒரு உதை வருமே. சுகன்யா பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையையும் வயிற்றில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கல் மாதிரி இருந்தது. காலண்டரைப் பார்த்தேன், தாள் வெள்ளையாக இருந்தது.

"சுகன்யா, எழுந்திருடி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏம்மா, பாட்டு இன்னும் முடியலையே" என்றாள்.

எங்களுக்கு நின்றுவிட்டது. அவளுக்கு நிற்கவில்லை.

நிவேதா தெருவுக்கு ஓடினாள், இஸ்திரி அண்ணன்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். சுகன்யாவைத் தாங்கி ஏற்றும்போது அவர் கேட்டார், "யாரு மா காலைலர்ந்து வாசிச்சினு கீறது? பாப்பா காலைலயே பஸ் ஸ்டாண்டு பக்கம் போனத பாத்தேனே, வூட்ல யாரோ வாத்யார் வந்துகீறார்னு நெனச்சேன்." ஆக, எங்கள் காதுக் கோளாறும் இல்லை.

பெருங்களத்தூர் சிக்னலில் ஊருக்குப் போகிற பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. சுகன்யா என் தோளில் தலையைச் சாய்த்து, விரலால் என் முழங்கையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்தப் பாட்டில் தாளம் எது என்றே தெரியாது. ஆரன் சத்தமும் எஞ்சின் சத்தமுமாக இருக்கிற ரோட்டில், "இன்னும் கேக்குதும்மா, நல்லா இருக்கு" என்கிறாள். எனக்கு வாழ்க்கையில் அந்த மாதிரி பயம் வந்ததில்லை. அவள் காதில் வாயை வைத்து அம்மன் பேரைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பாட்டு அவளுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்தார்கள். மெஷினில் பிள்ளையின் இதயத் துடிப்பு வந்தது, ஆனால் விழுந்து விழுந்து எழுந்தது. டாக்டரம்மா ஒரு வார்த்தை என்னைக் கேட்டார்கள். "எப்பலேர்ந்து அசைவு இல்ல?" காலையிலிருந்து என்றேன். "காலையிலேர்ந்தா? இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார்கள். பாட்டு கேட்கிறது என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சுகன்யா என் கையைத் தட்டினாள். "நின்னுடுச்சும்மா" என்றாள். கதவு மூடிவிட்டது. நின்றது பாட்டா, பிள்ளையா என்று தெரியாமல் இருபது நிமிஷம் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிஷத்தை என் விரோதிக்கும் கொடுக்காதே என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பெண் குழந்தை. கழுத்தில் தொப்புள் கொடி இரண்டு சுற்று. நீலம் பாரித்து வந்ததாம், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுததாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார்கள். சுகன்யாவுக்கு ஆட்டோவில் வந்ததே ஞாபகம் இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அம்மன்தான் அந்த ரூபத்தில் வந்து உங்களை எழுப்பினாள் என்கிறார்கள். ஸ்டெல்லா டீச்சர், கர்த்தர் தூதனை அனுப்பினார் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்படுகிறேன். ஏரிக்கரை அம்மனுக்குப் பொங்கலும் வைத்தேன். ஆனால் விளக்குக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. அந்தப் பாட்டு மட்டும் காலையில் கேட்காமல் இருந்திருந்தால், பத்து மணிக்கே நாங்கள் பதறியடித்துக்கொண்டு ஓடியிருப்போமே? நாலரை மணி நேரம் எங்களை நிம்மதியாக உட்கார வைத்தது அந்தப் பாட்டுதானே? காப்பாற்ற வந்தது என்றால் அது ஏன் அவ்வளவு இனிமையாக, ஒரு தடுக்கல்கூட இல்லாமல் வாசித்தது? அம்மனிடமே வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறேன்.

நிவேதா அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. வாங்கி வந்த கம்பி கவரோடு பரண் மேல் இருக்கிறது, கிட்டாரும் அங்கேதான்.

பேத்தி தர்ஷினிக்கு நாலு வயது ஆகப்போகிறது. நல்ல வாயாடி. எந்தப் பாட்டு போட்டாலும் ஆடுவாள். அந்தப் பாட்டை இதுவரை அவள் காதில் நாங்கள் யாரும் விடவில்லை, இது சத்தியம். ஆனால் எப்போதாவது, மாதத்தில் ஒரு தடவை, பட்டப்பகலில், வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில், விளையாடிக்கொண்டிருக்கிறவள் அப்படியே நின்றுவிடுகிறாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, கண் இமைக்காமல். டாக்டரிடம் காட்டினோம், தலைக்கு ஒயர் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள் அப்படி நின்றபோது, "என்னடி செல்லம்?" என்று தோளைத் தொட்டேன். உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றாள். பிறகு, "இரு பாட்டி, இன்னொரு தடவை இருக்கு" என்றாள்.

ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது?

நான் காத்திருக்கவில்லை. தூக்கி உலுக்கினேன், அவள் வீறிட்டு அழுகிற வரை உலுக்கினேன். சுகன்யா ஓடி வந்து ஏம்மா குழந்தையை அழ வைக்கிற என்று திட்டினாள். திட்டட்டும். கேட்கிறது என்று ஒரு தடவை விட்டவள் நான். இனி ஒரு நொடிகூட விட மாட்டேன்.

படித்தவர்கள் இதை வேறு யாருக்காவது சொல்வதானால் ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம், நான் எழுதியது எழுதினபடியே சொல்லுங்கள். முக்கியமாக, "அது கேக்குது, சும்மா இரு" என்று நான் சொன்னதை எனக்காகப் பார்த்து விட்டுவிடாதீர்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பெண் இருக்கிற வீடு எதுவானாலும் அங்கே அதை முதலில் சொல்லுங்கள்.